வண்டியில் வாங்கிய நாட்டுக்கோழிக் குஞ்சுகளை எப்போது மேயவிடலாம்?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாசலுக்கு வந்த வண்டியில் ஒரு மாதத்துக் குஞ்சுகள் முப்பது வாங்கினோம். எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று, நாளைக்கே தோட்டத்தில் திறந்துவிடலாம் என்று வியாபாரி சொன்னார். போன கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து எங்கள் தெருவில் ஒரு கோழிகூட மிஞ்சவில்லை. விடுவதற்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?"

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. இப்போது விட வேண்டாம். இன்னும் இரண்டு வாரமாவது அடைத்தே வளருங்கள்.

ஒரு மாதக் குஞ்சுக்கு எல்லாத் தடுப்பூசியும் போட்டிருக்க வழியே இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரக் கடைசியில் லசோட்டா அல்லது எஃப் வகை மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். நான்கு, ஐந்து வாரத்தில் லசோட்டாவை மறுபடியும் கொடுக்க வேண்டும். நீண்ட நாள் காப்பாற்றும் ஊசியான ஆர்2பி-யை எட்டு வாரம் ஆன பிறகுதான் இறக்கைத் தோலுக்கு அடியில் போட வேண்டும். அதற்கு முன் போட்டால் மருந்தின் வீரியத்தைத் தாங்காமல் குஞ்சே நோய்ப்படலாம். ஆகவே உங்கள் வியாபாரி சொன்னது பொய், அல்லது அவருக்கே தெரியாத விஷயம். எந்த மருந்து, எந்தத் தேதியில், சொட்டாகவா ஊசியாகவா என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், எதுவும் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுகள் சுறுசுறுப்பாக இருந்தால் இந்த வாரமே லசோட்டா கொடுங்கள். தூங்கி விழுகிற குஞ்சு இருந்தால் தடுப்பூசியைத் தள்ளிவைத்து, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை ஐஸ் வைத்த ஃபிளாஸ்கில்தான் வாங்கி வர வேண்டும். பிளாஸ்டிக் பையில் வெயிலில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். குஞ்சின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டு, அது கண் முழுக்கப் பரவி, குஞ்சு ஒருமுறை இமைக்கும்வரை கையை எடுக்காதீர்கள். அவசரத்தில் விட்டுவிட்டால் சொட்டு கன்னத்தில் வழிந்து போய்விடும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. மருந்துக் குப்பி குறைந்தது நூறு கோழிக்கானதாகவே பெரும்பாலும் கிடைக்கிறது. கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். முப்பது கோழி வைத்திருப்பவருக்காக அதை உடைக்கக் கால்நடை மருந்தகத்தில் தயங்குகிறார்கள். பிப்ரவரியில் நடக்கும் இருவாரக் கோழித் தடுப்பூசி முகாமுக்கு வரச் சொல்கிறார்கள். அந்த முகாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குஞ்சுகள் பிப்ரவரியைப் பார்த்துப் பொரிப்பதில்லை. புறக்கடைக் கோழி வளர்ப்பை ஊக்குவிக்கத் திட்டம்மேல் திட்டம் போடுகிறவர்கள், இருபது கோழிக்கான சிறு குப்பி எல்லா மருந்தகத்திலும் ஆண்டு முழுவதும் இருக்க வேண்டும் என்பதை எப்போது யோசிப்பார்களோ! அதுவரை, தெருவில் கோழி வைத்திருக்கும் நான்கைந்து வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் எல்லாக் கோழிக்கும் போடுங்கள். நோய் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக் கோழியிலிருந்தே உங்கள் வீட்டுக்கு வரும் என்பதால், உங்களுக்கு அதில் இரட்டைப் பலன்.

சொட்டு விட்டு இரண்டு வாரம் கழித்துத் திறக்கலாம். அதற்குள் முதுகிலும் நெஞ்சிலும் பஞ்சு முடி போய் இறகு மூடியிருக்க வேண்டும். முதல் நாள் பொழுது சாய ஒரு மணி நேரத்துக்கு முன்னால், தீவனம் வைக்காமல் பசியோடு விடுங்கள். இருட்டும் நேரத்தில் கொட்டகைக்குள் தீவனத் தட்டைத் தட்டினால் தாமாகவே வந்து அடையும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். முருங்கை, அகத்தி, வாழை என்று ஒதுங்க நிழல் இருந்தால் பருந்துக்குப் பயமில்லை. வெட்டவெளியில் விட்டால் அரைக் கிலோவுக்குக் கீழ் உள்ளதைத் தூக்கிவிடும். மழை நாளில் திறக்க வேண்டாம். மேய்ச்சலுக்குப் போகிறதே என்று வெறும் குருணையோடு நிறுத்தாமல், எட்டு வாரம்வரை குஞ்சுத் தீவனம் கொடுங்கள்.

தாய்க்கோழியோடு வளரும் குஞ்சுகளுக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அடைக்கோழி தானே பொரித்த குஞ்சுகளை முதல் வாரத்திலேயே வெளியே கூட்டிப் போகும். குளிர்ந்தால் இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். பருந்தின் நிழல் தெரிந்ததும் அது கொடுக்கும் ஒரு குரலுக்கு அத்தனை குஞ்சும் புதருக்குள் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் குஞ்சுகளைப் பக்கத்து வீட்டுத் தாய்க்கோழியோடு சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொரித்த ஓரிரு நாள் குஞ்சை இரவில் அடியில் வைத்தால்தான் அது ஏற்கும். ஒரு மாதக் குஞ்சைக் கொத்தி விரட்டும். தாயோடு திரியும் குஞ்சுக்கும் தடுப்பூசி கட்டாயம். தாயால் பருந்தைத்தான் தடுக்க முடியும், நோய்க்கிருமியை அல்ல.

இனி அந்த வண்டிக்காரர் விஷயம். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழித்துவிடும் சேவல் குஞ்சுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, நாட்டுக்கோழி என்று விற்பவர்கள் நிறையப் பேர். நிறத்தை மட்டும் வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த முறை, தாய்க்கோழிகளை நேரில் காட்டும் பண்ணையிலோ அரசுப் பண்ணையிலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையத்திலோ பார்த்து வாங்குங்கள். வளர்த்துக் கொடுத்தால் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். 2012-இல் அம்பலமான ஈமு பண்ணை மோசடியில், பெருந்துறைப் பக்கம் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்களிடம் சொல்லப்பட்டதும் இதே வாக்குறுதிதான். கழிச்சல் கண்டதும் நான்கு வகை ஆன்டிபயாடிக் பொடியைக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரரிடமும் கவனமாக இருங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் நோய், வந்தபின் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

லசோட்டா கொடுத்த தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்து, அதிலிருந்து நான்கு வாரம் கழித்து ஆர்2பி ஊசி போடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். இவை முடியும்வரை சந்தையிலிருந்து புதுக் கோழி எதையும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.