பென் டிரைவில் இடமிருந்தும் 6 ஜிபி வீடியோ ஏறாதது குறித்து

வணக்கம். ஃபேட்32 முறையில் (டிரைவில் கோப்புகளை ஒழுங்குபடுத்திவைக்கும் முறைகளில் ஒன்று) உள்ள உங்கள் 64 ஜிபி பென் டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் 6 ஜிபி திருமண வீடியோ ஏறவில்லை என்றும், விண்டோஸ், மேக் இரண்டிலும் அது இயங்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். டிரைவில் பழுது ஏதுமில்லை. ஃபேட்32 ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட் (32 இரும இலக்க) எண்ணாகவே குறித்துவைப்பதால், காலியிடம் எவ்வளவு இருந்தாலும், 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு என்ற எல்லையைத் தாண்டிய கோப்பை அதில் பதிய இயலாது.

என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் இத்தடை நீங்கும். ஆயினும் மேக் அதைப் படிக்குமே தவிர, கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. ஆகவே, 4 ஜிபி தடை இல்லாததும் விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் இயல்வதுமான எக்ஸ்ஃபேட் முறையே உங்களுக்குப் பொருந்தும். அதில் என்டிஎஃப்எஸ்ஸில் உள்ளதைப் போல மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் பதிவேடு இல்லாததால், நகலெடுக்கும்போதே டிரைவைப் பிடுங்கினால் கோப்புகள் சிதையக்கூடும் (அவசரக்காரர்கள் வீட்டில் இது அடிக்கடி நடக்கும்). பழைய தொலைக்காட்சிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை.

முறையை மாற்ற டிரைவை பார்மட் செய்ய, அதாவது உள்ளிருப்பவற்றை நீக்கிப் புதிதாக அமைக்க, வேண்டும். அதற்குமுன் உள்ளிருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். விரைவு பார்மட் கோப்புகளின் அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது. பழைய தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும் என்பதால், தவறுதலாகச் செய்துவிட்டாலும் உடனே எழுதுவதை நிறுத்தினால் மீட்க வாய்ப்புண்டு. விண்டோஸ் விஸ்டா முதல், முழு பார்மட் டிரைவெங்கும் சுழியங்களை எழுதிவிடுவதால் அவ்வாய்ப்பு அநேகமாக இல்லை.