ரத்தமில்லாத செடி வைரஸை எதிர்ப்பது எப்படி?

டர்பனில் வீட்டுக்குப் பின்னால் நாலு மிளகாய்ச் செடி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: இலை சுருண்டு, மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாக ஓடும். பெரும்பாலும் அசுவினிப் பூச்சி கொண்டுவந்த வைரஸ்தான். வெள்ளணுக்கள் இல்லாத செடி இதை எப்படிச் சமாளிக்கிறது?

அதன் முக்கிய ஆயுதம் ஆர்.என்.ஏ. முடக்கம். அதாவது, வைரஸின் மரபுச் செய்தியையே வெட்டிப் போடுவது. செடிகளைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ. வகை, அதாவது மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. என்ற இழை மூலக்கூறில் எழுதி வைத்திருப்பவை. பெருகும்போது அவற்றின் ஆர்.என்.ஏ. இரட்டை இழையாகிறது. நீளமான இரட்டை இழையைக் கண்டதும் செடிக்குச் சந்தேகம் வந்துவிடும். டைசர் என்ற புரதம் அதை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கும். இன்னொரு புரதம் ஒரு துண்டை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதோடு பொருந்தும் ஆர்.என்.ஏ.வையெல்லாம் தேடி வெட்டும். போலி டிக்கெட் ஒன்றைக் கிழித்து, வாசலில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்து, 'இதே மாதிரி வந்தால் விடாதே' என்று சொல்வது போல. இந்த எச்சரிக்கை சாறு வழியாக, வைரஸ் இன்னும் எட்டாத தளிர்களுக்கும் போகும்.

வைரஸும் லேசுப்பட்டதல்ல. வெள்ளரி மொசைக் வைரஸ் இந்தத் தற்காப்பையே தடுக்கும் புரதம் ஒன்றை வைத்திருக்கிறது. செடி பல சமயம் தோற்பது இதனால்தான்.

புதுத் தளிர் பளிச்சென்று வந்தால் வைரஸ் ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தேறிய புகையிலை இலைகளிலும் வைரஸ் இருந்ததை 1928-லேயே கண்டிருக்கிறார்கள்.