கணினி கேள்வி–பதில்: எஸ்எஸ்டியைக் காணோம் என்கிறதே உபுண்டு!

கேள்வி: ஏசர் லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை, 512 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம். விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொண்டே உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளமும் போடப் பார்க்கிறேன். பென் டிரைவில் பூட் ஆகிறது. எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கிற இடத்தில் எஸ்எஸ்டியே தெரியவில்லை. இணையத்தில் ஒரு லினக்ஸ் குழுவில் "உபுண்டு இன்ஸ்டால் ஆகலை, ஹெல்ப் பண்ணுங்க" என்று மூன்று முறை கேட்டும் பதில் இல்லை.
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பி. இன்டெலின் விஎம்டி என்ற ஏற்பாடு அதைத் தன் பின்னால் மறைத்து வைத்திருக்கிறது. அதை அணைத்தால் தெரியும். ஆனால் நேராக பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் நீலத் திரையில் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றுவிடும். அப்படி நின்றாலும் பதற வேண்டாம், பழையபடி மாற்றினால் திரும்பி வரும்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்தால் பூட்டிய பெட்டிக்குள் சாவியைப் போட்ட கதைதான். பிறகு செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அணைத்து, சார்ஜரைச் செருகியபடி பூட்டு முழுதும் நீங்கும்வரை விடுங்கள். விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபி காலி இடம் ஒதுக்குங்கள்.

அடுத்து 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் பகுதியில் 'சேஃப் பூட்' டிக் செய்து ரீஸ்டார்ட். சில மெஷின்களில் சேஃப் மோடில் பின் எண் எடுபடாது, கடவுச்சொல் நினைவிருக்கட்டும். லேப்டாப் மறுபடி எழும்போதே எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்துங்கள். அதுவரை கண்ணில் படாத விஎம்டி வரி அப்போது தெரியும். 'டிஸேபிள்' செய்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். விண்டோஸ் ஒருமுறை சேஃப் மோடில் எழுந்து தனக்கான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு, வழக்கம்போல் பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகு பென் டிரைவைச் செருகுங்கள்.

குழு ஏன் பேசாமலிருந்தது? உங்கள் கேள்வியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் திரை தெரியாது. இப்படிக் கேட்டிருக்கலாம்: "ஏசர் ஆஸ்பயர், இன்ன மாடல் எண். இன்டெல் ஐ5 11ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 உள்ளது, செக்யூர் பூட் ஆன். உபுண்டு 24.04, ரூஃபஸ் மென்பொருளில் பென் டிரைவில் எழுதியது. நிறுவும் திரையில் எஸ்எஸ்டி வரவில்லை, பென் டிரைவ் மட்டும் வருகிறது. வேறு யூஎஸ்பி போர்ட்டிலும் அதே கதை." கூடவே, பென் டிரைவில் ஓடும் உபுண்டுவின் டெர்மினலில் (கட்டளைத் திரை), சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை அடித்து வருவதை எழுத்தாகவே ஒட்டுங்கள். கைபேசியில் எடுத்த மங்கல் படத்தில் யாரும் எதையும் தேட முடியாது. அந்தப் பட்டியலில் 'வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்' என்ற ஒரு வரியைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவர் விஎம்டி என்று சொல்லிவிடுவார். சீரியல் எண்ணையும் பிட்லாக்கர் சாவியையும் மட்டும் போடாதீர்கள். சென்னை, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுக்களில் தமிழிலேயே கேட்கலாம். சரியானதும் எதனால் சரியானது என்று அதே இடத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து தேடி வருபவருக்கு உதவும்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் பாதி நிறுவும்போதே 'இன்புட்/அவுட்புட் எரர்' என்று நின்றுவிடுகிறது. போன் நெட்டில்தான் இறக்கினேன், நடுவில் இரண்டு முறை அறுந்தது.
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சந்தேகம் இரண்டு: கோப்பு, பென் டிரைவ். கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. டவர் வந்து வந்து போகிற இடத்தில் பிரவுசரை நம்பாமல், கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டோரன்ட் மென்பொருளில் இறக்குங்கள். அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தே சேர்க்கும். பிரவுசரில் இறக்கியதென்றால் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'செர்ட்யூட்டில்' கட்டளை கொண்டு, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 குறியீட்டை எடுத்து, மின்ட் தளத்தில் உள்ள 64 எழுத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கோப்பு கெட்டதுதான்.

எழுத்து பொருந்தியும் நின்றால் பென் டிரைவின் வாயைப் பாருங்கள். உப்புக்காற்றில் கிடந்த முனைகளில் பச்சைப்பாசி போலப் படிந்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பார்க்கலாம்; எனக்கென்னவோ புதிதாக ஒரு 8 ஜிபி வாங்கி மறுபடி எழுதுவதே மேல் என்று படுகிறது. லேப்டாப்பின் யூஎஸ்பி துளையிலும் அதே படிவு இருந்தால் வேறு துளைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: லினக்ஸ் போட்டதிலிருந்து விண்டோஸில் கடிகாரம் தப்பு. காலை பத்தரைக்கு ஐந்து என்கிறது. மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரியை மாற்றியும் பயனில்லை.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: பேட்டரிக் காசு வீண்! சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போனாலே காரணம் தெரிந்துவிடும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கட்டளையைக் கொடுத்து (ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்), விண்டோஸில் ஒருமுறை மணியைத் திருத்துங்கள். லினக்ஸ் ஓர் எச்சரிக்கை காட்டும். அது முக்கியமாகக் கோடைக்கு ஒரு மணி, குளிருக்கு ஒரு மணி என்று மாற்றி வைக்கும் நாடுகளுக்கும் நேர மண்டலம் மாறிச் செல்பவர்களுக்குமானது.