ஜெர்மனியில் சைக்கிள் லைட் வாங்கும்போது லூமனைப் பார்க்காதீர்கள்

தம்பி, மியூன்ஸ்டருக்குப் படிக்க வந்து பழைய சைக்கிள் தேடுகிறீர்கள். இணையத்தில் பார்த்த 2000 லூமன் லைட்டை வாங்கலாமா, ஜிபிஎஸ் மீட்டர், எலக்ட்ரானிக் ஹாரன் எல்லாம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். லைட் கண்டிப்பாக வேண்டும், ஆனால் அந்த லைட் வேண்டாம். மற்றதில் பெரும்பாலானவை தண்டச் செலவு.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்கப்புறம்தான் இருட்டு என்றால் என்னவென்று தெரியும். டிசம்பரில் காலை எட்டரை வாக்கில்தான் சூரியன் வரும், மாலை நாலரைக்கு முன்பே போய்விடும். காலை வகுப்புக்குப் போகும்போதும் லைட், திரும்பும்போதும் லைட், நடுவில் மழை வேறு.

எஸ்டிவிஇசட்ஓ என்ற வாகன விதிகளில் சைக்கிள் விளக்குக்கென்றே 67ஆம் பிரிவு இருக்கிறது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க விளக்கின் உடம்பைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு நெளிகோடு, கே (K) என்ற ஆங்கில எழுத்து, அதன் பின்னால் ஓர் எண். இது இல்லாத லைட் எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் இங்கே கணக்கில் வராது. மினுக்மினுக்கென்று அடிக்கும் லைட்டுக்கும் அனுமதி இல்லை. லைட் இல்லாமல் இருட்டில் மாட்டினால் 20 யூரோ அபராதம், யாருக்காவது ஆபத்து உண்டாக்கினால் 25, ஏதாவது சேதமானால் 35. குளிர்காலம் தொடங்கியதும் போலீஸ் நின்று பார்ப்பது இந்த ஊரில் சர்வசாதாரணம்.

லூமன் என்பது விளக்கிலிருந்து மொத்தமாகக் கொட்டும் வெளிச்சம். நமக்கு வேண்டியது அது சாலையில் எங்கே விழுகிறது என்பதுதான். அதனால்தான் இங்கே பெட்டியில் லக்ஸ், அதாவது ஒளி விழும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்ற அளவு, போட்டிருப்பார்கள். சட்டத்துக்கு 10 லக்ஸ் போதும். தெருவிளக்கு உள்ள ஊருக்குள் 30, கால்வாயோரப் பாதை மாதிரிக் கும்மிருட்டுக்கு 60க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல விளக்கில் கார் ஹெட்லைட் போல ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டினமாதிரி நிற்கும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்காது. நீங்கள் சொன்ன லைட் டார்ச் மாதிரி நாலாபக்கமும் பரவும். பழைய நகரைச் சுற்றிப் போகும் ப்ரொமனாட் என்ற சைக்கிள் பாதையில் எதிரே வரும் பாட்டி உங்களைத் திட்டுவார், திட்டுவதில் நியாயமும் இருக்கும். மாட்டியதும் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, ஆனால் ஊரில் பாதிப் பேர் செய்வதில்லை.

பேட்டரியா டைனமோவா என்றால், தினமும் ஓட்டுபவருக்கு நான் டைனமோதான் சொல்வேன், அதுவும் முன்சக்கர அச்சிலேயே இருக்கும் ஹப் டைனமோ. டயரில் உரசும் பழைய குப்பி டைனமோ மழையிலும் பனியிலும் வழுக்கும், சத்தமும் போடும். 2013 முதல் பேட்டரி லைட்டும் செல்லும் என்பதால் டைனமோ கட்டாயமில்லை, ஆனால் சார்ஜ் போட மறந்தேன் என்ற கதையே டைனமோவில் இல்லை. பழைய சைக்கிள் பார்க்கப் போகும்போது முன்சக்கர நடுப்பகுதி தடிமனாக இருக்கிறதா, அதிலிருந்து ஒயர் போகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் உடனே வேண்டாமென்று வராதீர்கள்: பெரும்பாலும் ஹப்பில் ஒயர் மாட்டும் இடம் கழன்றோ துருப்பிடித்தோ இருக்கும், இல்லையென்றால் மட்கார்டு ஓரமாகப் பின்னால் போகும் ஒயர் அறுந்திருக்கும். அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். பின் லைட்டில் ஸ்டாண்ட்லிக்ட் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள், சிக்னலில் நின்ற பிறகும் சில நிமிடம் எரிந்துகொண்டே இருக்கும்.

பேட்டரி லைட்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் முன்பின் சேர்த்து ஐம்பது யூரோ பக்கத்தில் தரமானதே கிடைக்கும். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பெட்டியில் போட்ட நேரத்தை நம்ப வேண்டாம். உறைகுளிரில் கிடந்த லைட்டை வந்ததும் சார்ஜில் போடாமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். ரயில் நிலையத்தில் சைக்கிளை விட்டுப்போனால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு யாராவது கழற்றிவிடுவார்கள்.

ஜிபிஎஸ் மீட்டர் இப்போது வேண்டாம், போனும் ஓர் உறுதியான ஹோல்டரும் போதும். ஆனால் ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தால் 55 யூரோ. ஹெட்போன் தடையில்லை, சுற்றுச் சத்தம் கேட்காத அளவுக்கு வைத்தால்தான் வம்பு. ஹாரன் வேண்டவே வேண்டாம், சட்டம் கேட்பது சாதாரண மணியை.

மறந்துவிட்டேனே, ரிஃப்ளெக்டர். பெடலில் மஞ்சள், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் பளபளக்கும் வெள்ளை வளையம் இருந்தால் சக்கரத்துக்கு அதுவே போதும். இல்லையென்றால் ஒவ்வொரு சக்கரத்திலும் கம்பிகளுக்கு நடுவே எதிரெதிரே இரண்டு மஞ்சள் ரிஃப்ளெக்டர் மாட்ட வேண்டும், சில யூரோதான் ஆகும்.