பேரனுக்கு மூளை ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: என் பேரனுக்கு வயது 15. மகன் சிங்கப்பூரில். எட்டாவது வரை வாத்தியார்கள் ஒரு குறை சொன்னதில்லை. போன மாதம் கூட்டாளிகளோடு சேர்ந்து, எதிரே பூட்டிக் கிடக்கும் வீட்டின் கலர்க் கண்ணாடி ஏழெட்டைக் கல்லால் அடித்து உடைத்துவிட்டான். அவன் அம்மான் பெல்ட்டைக் கழற்றிவிட்டான். என் கொழுந்தனாரும் இளவட்டத்தில் இப்படித்தான் திரிந்தார். அந்த ரத்தமா? ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?
- ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: பிள்ளை ரவுடியாவானா என்று சொல்லும் ஸ்கேன் எந்த ஊரிலும் இல்லை ஆச்சி. அதைவிட உருப்படியான தகவல் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: எட்டாவது வரை குறை இல்லை.

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் 1,000 குழந்தைகளை இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்கிறார்கள். அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவரான டெரி மொஃபிட் 1993இல், தப்புத்தண்டா செய்யும் பிள்ளைகளை இரண்டு வகையாகப் பிரித்தார். சின்ன வயதிலேயே அடிதடியில் தொடங்கி, வளர்ந்தும் விடாதவர்கள் கொஞ்சம் பேர். பதின்ம வயதில் கூட்டாளிகளோடு தொடங்கி, வளர்ந்ததும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த வயதில் பரபரப்பைத் தேடும் மூளைப் பகுதி முந்திக்கொள்கிறது. 'நில்லு' என்று சொல்லும் நெற்றிப் பக்கத்து மூளை முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். மாட்டைப் பூட்டியாச்சு, மூக்கணாங்கயிறு இன்னும் திரித்து முடியவில்லை. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். தனியாக இருந்திருந்தால் இவன் அந்தக் கல்லை எடுத்திருப்பானா?

சரி, ரத்தம். அதே டனிடின் பையன்களிடம் 2002இல் ஒரு மரபணுவைப் பார்த்தார்கள். அதன் ஒரு வகையோடு பிறந்து, சிறுவயதில் கொடுமைக்கும் ஆளானவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகமாகத் தடம் மாறினார்கள். அதே வகை இருந்தும் கொடுமைப்படாதவர்கள் அந்த அளவுக்கு மாறவில்லை. எனக்கு உங்கள் கொழுந்தனாரைவிட அந்த பெல்ட்தான் பயமாக இருக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. 14 வயதில், கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கதவின் பித்தளைக் குமிழைக் கழற்றிப் பேரீச்சம்பழக்காரரிடம் போட்டேன். அப்பச்சி அடிக்கவில்லை. அந்த வீட்டுக்கே கூட்டிப்போய், மூன்று ஞாயிறு முற்றம் கூட்ட வைத்தார். கூட்டாளிகள் சுவரேறி வேடிக்கை பார்த்தார்கள், அதுதான் வலித்தது.

கண்ணாடி மாற்ற ஆசாரி வரும் நாளில் இவனை ஏணி பிடிக்கச் சொல்லுங்கள். மகனை இரவில் பேசச் சொல்லுங்கள், மார்க்கைத் தவிர வேறு எதைப் பற்றியாவது. பிராணிகளை வதைப்பது, தீ வைப்பது, கத்தி எடுப்பது என்று ஏதாவது கண்ணில் பட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், அந்த பெல்ட்டை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.