முளைத் தீவன எந்திரம் வாங்கலாமா? வீட்டுக்கோழி வளர்ப்போர் கேள்வி-பதில்

கேள்வி: 12 முட்டைக்கோழிகள் வளர்க்கிறேன். தானியத்தைத் தட்டுகளில் தண்ணீர் தெளித்து முளைக்கவைக்கும் தானியங்கி முளைத் தீவன அலமாரி விற்பவர், "1 கிலோ தானியம் போட்டால் ஏழாம் நாள் 7 கிலோ தீவனம் எடுக்கலாம், தீவனச் செலவு பாதியாகக் குறையும்" என்கிறார். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். 7 கிலோ என்று அவர் சொல்வது பொய்யில்லை. நல்ல பார்லியில் 6, 7 கிலோ வரத்தான் செய்யும். ஆனால் கூடிய எடை முழுவதும் தண்ணீர். 1 கிலோ காய்ந்த தானியத்தில் ஈரம் போக சுமார் 880 கிராம் உலர்பொருள் இருக்கிறது. ஏழாம் நாள் எடுக்கும் 7 கிலோவில் உலர்பொருள் 800 கிராம்கூடத் தேறாது. முளைக்கும் விதை தன் மாவுச்சத்தை எரித்துத்தான் வேரும் தளிரும் விடுகிறது. ஆக, போட்டதைவிடக் கொஞ்சம் குறைவான உணவுதான் திரும்பக் கைக்கு வருகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஏழு நாள் தீவனத்தில் 100 கிராம் நிறுத்து எடுங்கள். மொறுமொறுப்பாகும்வரை நன்றாகக் காயவைத்து மீண்டும் நிறுங்கள். 11 முதல் 13 கிராம்தான் இருக்கும்.

முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 110 கிராம் அடர்தீவனம் (வழக்கமான காய்ந்த கலப்புத் தீவனம்) தின்னும். அதே அளவு உலர்பொருள் இந்தப் பச்சையிலிருந்து கிடைக்க வேண்டுமானால் முக்கால் கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். 2 கிலோகூட எடையில்லாத கோழியால் அது முடியாது. மாடு, ஆட்டைப் போல நாரைச் செரிக்கும் வயிறும் கோழிக்கு இல்லை. விளம்பரத்தில் "புரதம் கூடுகிறது" என்று இருந்தால் அதையும் இதே கணக்கில் பாருங்கள்: மாவுச்சத்து குறைவதால் மீதியில் புரதத்தின் சதவீதம் உயர்ந்து தெரிகிறது. வெறும் தண்ணீரில் வளர்த்தால் மொத்தப் புரதம் கூட வழியில்லை.

அப்படியானால் முளைவிட்ட தானியமே வீணா என்றால், நிச்சயமாக இல்லை. முளைக்கும்போது தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸ் ஓரளவு விடுபடுகிறது. வைட்டமின்கள் கூடுகின்றன. பார்லியில் எச்சத்தைப் பிசுபிசுப்பாக்கும் பீட்டா குளூக்கன் என்ற நார்ப்பொருள் குறைகிறது. பசுமை கிடைக்காத காலத்தில் அடைத்து வளர்க்கும் கோழிக்கு இது அருமையான துணைத் தீவனம். ஆனால் அதற்கு அலமாரி தேவையில்லை, மூன்று நான்கு நாள் முளையே போதும். அந்தப் பருவத்தில் எடை ஏறக்குறைய இரு மடங்காகியிருக்கும், உலர்பொருள் இழப்பும் சொற்பம்.

12 கோழிக்கு நாளொன்றுக்கு 150 கிராம் தானியம் கணக்கு. வேண்டியது 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் ஐந்து. அடியில் 3 மி.மீ. துளைகளை 2 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். தானியத்தைக் கழுவி, மிதக்கும் சொத்தையையும் உமியையும் அள்ளிக் கொட்டிவிட்டு, 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து டப்பாவில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, ஒரு பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். காலையும் மாலையும் நல்ல தண்ணீர் ஊற்றி அலசி முழுக்க வடியவிடுங்கள். தினமும் ஒரு டப்பா தொடங்கினால், நான்காம் நாளிலிருந்து தினமும் ஒரு டப்பா தயாராகும். ஐந்தாவது டப்பா கழுவிக் காய்வதற்கு.

கேள்வி: விதைக் கடை, தீவனக் கடை, மளிகைக் கடை மூன்றிலும் தானியம் கிடைக்கிறது. எதை வாங்குவது?

செலவில் கவனம் வைக்க வேண்டிய இடம் இதுதான். விதைப்புக்கென விற்கும் மூட்டை பெரும்பாலும் விதைநேர்த்தி செய்யப்பட்டது. திரம், காப்டான் போன்ற பூஞ்சாணக்கொல்லி பூசி, அடையாளத்துக்கு இளஞ்சிவப்பு, பச்சை அல்லது நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். திரம் கலந்த தானியம் தின்ற கோழி கெட்டி ஓடில்லாத தோல்முட்டை இடும், வளரும் கோழிக்குக் கால் எலும்பு கோணும். கழுவினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நிறமில்லாத மூட்டையிலும் சீட்டைப் படித்து, நேர்த்தி செய்யாதது என்று உறுதியான பிறகே வாங்குங்கள்.

மளிகையில் கிடைக்கும் வெள்ளைப் பார்லி உமி நீக்கித் தீட்டியது. முளைக்கரு சேதமாகியிருக்கும், ஊறினால் அழுகும். உடைத்த மக்காச்சோளமும் அப்படியே.

சரியானது தீவனத்துக்கென விற்கும், தீட்டாத முழுத் தானியம். கோதுமை தொடக்கக்காரருக்குச் சுலபம். உமியுடன் இருக்கும் பார்லியும் நல்லது. வெப்பமான இடத்தில் மக்காச்சோளம் தாங்கும், ஆனால் ஒரு நாள் கூடுதலாகும். மக்காச்சோளமல்லாத சாதாரணச் சோளத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதன் இளம் முளையில் சயனைடு விடுவிக்கும் பொருள் உண்டு.

மூட்டையாக வாங்குமுன் கால் கிலோ மாதிரி வாங்கி, 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். நான்காம் நாள் 85க்கு மேல் முளைத்திருந்தால் வாங்கலாம். 80க்குக் கீழ் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், முளைக்காத மணிதான் டப்பா முழுவதையும் கெடுக்கிறது. வாங்கும் மூட்டையின் தொகுதி எண் மாதிரியின் எண்ணோடு ஒத்திருக்கட்டும், ரசீதும் சீட்டும் பத்திரமாக இருக்கட்டும். பிறகு முளைப்பு குறைந்தால் பேச அதுதான் ஆதாரம். 12 கோழிக்கு மாதம் நாலரை கிலோதான் ஆகும் என்பதால் 50 கிலோ மூட்டை பெரிது. மூன்று மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு தட்டிலும் நான்காம் நாள் வெள்ளையாகப் படர்கிறது, புளித்த வாடையும் வருகிறது. பூசணத்தைத் தடுக்கும் மருந்து வாங்க வேண்டுமா?

முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். வேர்த் தூவியும் வெள்ளைப் பஞ்சு போலத்தான் இருக்கும். ஆனால் அது ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக இருக்கும், தண்ணீர் பட்டதும் வேரோடு படிந்து மறையும். பூசணம் மணிக்கு மணி வலை பின்னியதுபோல் படரும், சாம்பல் அல்லது கருமை கலந்திருக்கும், அலசினாலும் போகாது, முக்கல் வாடை அடிக்கும்.

உங்கள் தட்டில் வாடையும் இருப்பதால் கெட்டுவிட்டது என்றே கொள்ளுங்கள். முழுத் தட்டையும் கொட்டிவிடுங்கள். கெட்ட பகுதியைப் பிய்த்துவிட்டு மீதியைப் போடுவது ஆபத்து, பூசண நச்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணத்தின் வித்துகளைச் சுவாசித்தாலே கோழிக்கு நுரையீரல் நோய் வரும். வாத்துகளும் வளர்த்தால் இன்னும் கவனம் தேவை, அஃப்ளடாக்சின் என்ற பூசண நச்சைக் கோழியைவிட வாத்துக்குஞ்சு மிகக் குறைவாகவே தாங்கும்.

மருந்து தேடுமுன் நான்கைச் சரிபாருங்கள். உடைந்த மணி அதிகமா? கனம் ஒன்றரை செ.மீ.யைத் தாண்டுகிறதா? தாண்டினால் முளைகளின் சூடே நடுவில் புழுக்கத்தை உண்டாக்கும். கையை விட்டுப் பார்த்தால் தெரியும். அலசிய தண்ணீர் அடியில் தேங்குகிறதா? அறை 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகிறதா? 18 முதல் 24 வரைதான் சுகமான வெப்பம். சூடான நாட்களில் மூன்று முறை அலசுங்கள், காற்றோட்டம் கொடுங்கள், மூன்றாம் நாளே எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், மணம் சேர்க்காத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள வெளுக்கும் திரவம் போதும். லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. கலந்து, தானியத்தை 30 நிமிடம் வைத்து, வாடை போகும்வரை அலசிய பிறகு ஊறவையுங்கள். காலி டப்பாக்களையும் ஒவ்வொரு சுற்றுக்கும் இதே கரைசலில் கழுவுங்கள். இதோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

கேள்வி: தகரத் தட்டு நல்லதா, பிளாஸ்டிக்கா? கூடவே விற்கும் ஊட்டச்சத்துத் திரவம் அவசியமா?

உணவுத்தரப் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் தட்டு வாங்குங்கள். துத்தநாகம் பூசிய தகரம் ஓயாத ஈரத்தில் அரித்து, துத்தநாகம் தீவனத்தில் இறங்கும். திரவம் தேவையில்லை. ஏழு நாள்வரைகூட விதைக்குள் இருக்கும் உணவே முளைக்குப் போதும்.

கேள்வி: எவ்வளவு கொடுக்கலாம்? ஏழு நாள் வளர்ந்து, வேர்கள் பின்னிப் பாய்போலான வேர்ப்பாயைக் கொடுத்தால் என்ன?

கோழிக்கு நாளொன்றுக்கு 25 கிராம் முளை. அடர்தீவனம் தின்ற பிறகு, மாலையில் போடுங்கள். முதலில் போட்டால் ஈரமான முளையால் வயிறு நிறைந்து, முட்டைக்கு வேண்டிய புரதமும் சுண்ணாம்பும் உள்ள தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓடு மெலிவதில்தான் இது முதலில் தெரியும். கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும்.

வேர்ப்பாயை அப்படியே போட்டால் கோழி நீள நீளமாக இழுத்து விழுங்கும். அது கழுத்தடி இரைப்பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளலாம். காலையில் வெறும் வயிற்றிலும் அந்த இடம் கெட்டியாகப் பந்துபோல் இருந்தால் அடைப்பு என்று சந்தேகியுங்கள். பாயைக் கத்தரியால் 2 செ.மீ. துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், அரைத்துச் செரிக்கக் கூண்டில் சிறுகற்கள் வையுங்கள். குஞ்சுகளுக்கு முதல் 6 வாரம் குஞ்சுத் தீவனம் மட்டும் போதும். எந்த வயதானாலும், அரை மணி நேரத்தில் தின்னாமல் விட்டதை அள்ளி எடுத்துவிடுங்கள்.