வல்லத்தை விற்காதீர்கள், அண்ணே

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அண்ணனும் அண்ணியும் போன வாரம் மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பிளஸ் டூவில் உயிரியல் படித்த பெண். நீட்டில் தேறிவிட்டாள், அரசு இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. தாய்மாமன் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். முகவர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். மீன்பிடி வல்லத்தையும் எஞ்சினையும் விற்பது, போதாததற்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பது என்று பேசி முடித்தாயிற்று. நானும் ஒரு வார்த்தை "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. நான் சொல்லவில்லை. அண்ணியின் முகம் வாடிப்போனது. அவர்களைப் போல இன்னும் பலர் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர் இங்கே மருத்துவம் பார்க்கத் தனித்தேர்வு ஒன்றில் தேற வேண்டும். எழுதுகிறவர்களில் தேறாதவர்களே அதிகம். முகவர் இதை உங்களிடம் சொன்னாரா? வல்லம் உங்களுக்குச் சொத்து மட்டுமா, நாளைக்கு அடுப்பு எரிவதே அதனால்தானே. அதை விற்கிற யோசனைக்கு நான் எந்தக் காலத்திலும் தலையாட்ட மாட்டேன். மாமன் சீர் செய்யட்டும், மாலை போடட்டும். கடனுக்கு வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

இனி உங்கள் மகளின் குறிப்பு நோட்டுக்கு வருகிறேன். "படிக்கிற நேரத்தில் ஏலக்கரை நாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்" என்று குறையாகத்தான் அதை எடுத்துப் போட்டீர்கள். ஒன்றரை வருடக் குறிப்பு. ஒவ்வொரு நாய்க்கும் பெயர், எது எதன் பக்கத்தில் படுக்கிறது, எதைக் கண்டால் எது எழுந்து வழிவிடுகிறது, கால் ஒடிந்த நாயை மற்றவை எப்படி நடத்துகின்றன, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விலங்குகளும் ஆதிமனிதர்களும் தத்தம் கூட்டத்தில் கூடி வாழக் கற்றது எப்படி என்று ஆராயும் துறை ஒன்று இருக்கிறது. அதில் முதல் வேலையே இதுதான்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஒரு குளவியைக் கவனித்தார். காகிதம் போன்ற சிறு கூடு கட்டுமே, அந்தக் குளவி. ஒவ்வொன்றின் மேலும் வண்ணப்பொட்டு வைத்து, எது என்ன செய்கிறது என்று எழுதிவந்தார். அந்தக் கூட்டில் ராணி பரம சாது. அதை எடுத்துவிட்டால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று திடீரென்று மூர்க்கமாகிறது. சுமார் ஒரு வாரத்தில் முட்டையிட்டுப் புது ராணியாகிவிடுகிறது. சரி, மற்றவை ஏன் தன் பிள்ளை பெறாமல் ராணியின் பிள்ளையை வளர்க்கின்றன? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்கிறோமே, அதற்கு 1964இல் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர், உறவின் பிள்ளையை வளர்த்தாலும் தன் மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகும் என்று கணக்கே போட்டுக் காட்டினார்.

சதை ஆடாத இடத்திலும் உதவி உண்டு. இரத்தம் குடிக்கும் வௌவால் இரண்டு மூன்று இரவு பட்டினி கிடந்தால் செத்துப்போகும். வயிறு நிறைந்த வௌவால், பசித்த தன் தோழமைக்கு உண்டதைக் கக்கி ஊட்டுகிறது. அந்தத் தோழமை உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1984இல் வில்கின்சன் என்பவர் இதை எழுதினார். வலை வெறுமையாக வந்தவருக்குக் கறிக்கு நாலு மீன் கொடுத்து அனுப்புகிறீர்களே, அது எங்கே தொடங்கியது என்பதுதான் உங்கள் மகள் கேட்கிற கேள்வி. ஜார்ஜியா நாட்டின் த்மானிசியில் கிடைத்த, ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுப் பழைய மண்டையோடு ஒன்றில் பற்கள் அநேகமாக எல்லாமே விழுந்து, எலும்பு ஆறியிருக்கிறது. பல்லில்லாத அந்த மனிதர் எப்படிச் சாப்பிட்டார், யாராவது பார்த்துக்கொண்டார்களா என்று இன்னும் வாதிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கத்திலேயே 15 லட்சம் ஆண்டுப் பழைய கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன.

வழி இதுதான். பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேரட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அடுத்த ஆண்டு திருப்பதி, திருவனந்தபுரம் முதலிய இடங்களில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கட்டும். 60 கேள்விகளில் 45, அவள் நீட்டுக்குப் படித்த அதே மூன்று பாடங்கள்; மீதி 15 கணிதம். கிடைக்காவிட்டால் குடி முழுகாது. பி.எஸ்ஸி. முடித்து மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை படிக்கலாம். மனிதர் பக்கம் மனம் போனால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். விலங்கியல் பட்டத்தோடு இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம்.

ஆசை காட்டி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. நிலையான வேலைக்குப் பத்து வருடம் ஆகலாம். நெட் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில் "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஆனால் நடுவில் மனம் மாறினாலும் அவள் கையில் பட்டம் இருக்கும், உங்கள் தலையில் கடன் இருக்காது.

பேச்சு முழுக்க நாம் மூவரும்தான் பேசினோம், அவள் வாயே திறக்கவில்லை. அடுத்த முறை வரும்போது வருமானச் சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். மாமனை அழைத்து வந்தாலும் சரிதான். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் பேசுவாள்.